மேஸ்திரி ஷெட்டிலிருந்து ஓட்டல் வாசலுக்கு: பெங்களூரில் பழைய கார்க்காரர்கள் ஏன் கூடுகிறார்கள்?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வாக்கில், ஏதாவது ஒரு டிபன் ஓட்டல் வாசலில் நாலைந்து பழைய கார்கள் வரிசையாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டு பத்மினி, ஒரு அம்பாசிடர், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சில வாரம் ஒரு பழைய பென்ஸ். பேனர் கிடையாது, மேடை கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. வெள்ளி இரவு வாட்ஸ்அப்பில் "ஞாயிறு ஏழு மணி, வழக்கமான இடம்" என்று ஒரு வரி வரும். ஏற்பாடு அவ்வளவுதான். ஒன்பது, ஒன்பதரைக்குள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே என்னென்ன கைமாறுகிறது என்று கவனித்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. உதிரி பாகம் கைமாறுகிறது. லேத் பட்டறைக்காரரின் போன் நம்பர் கைமாறுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்ற விவரம் கைமாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கும் எழுதி வைக்கப்படாத கைப்பழக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. ஒரு காலத்தில் இதெல்லாம் மேஸ்திரியின், அதாவது கார் மெக்கானிக்கின், ஷெட்டில் நடந்தது. ஷெட்டுகள் குறையக் குறைய அந்த வேலை ஓட்டல் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சந்திப்புகளை வேடிக்கையாக மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து வந்த பழக்கம்

பழைய கார்களை ஒன்றாக ஓட்டிப் போகும் வழக்கத்துக்கு இங்கிலாந்துதான் தாய்வீடு. 1896 நவம்பரில் அங்கே மோட்டார் வண்டிகளுக்கான வேக வரம்பு மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஒரு கூட்டம் வண்டி ஓட்டிப் போனது. 1927-ல் அதை மறுபடி நடத்தினார்கள். இன்றும் நடக்கிறது, 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்குத்தான் அதில் இடம். நம் நாட்டில் டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் பேரணி 1964-ல் தொடங்கியது. அப்புறம் நகரத்துக்கு நகரம் சங்கங்கள் வந்தன. பெங்களூரிலும் கர்நாடகத்துக்கென்று ஒரு விண்டேஜ், கிளாசிக் கார் சங்கம் இருக்கிறது. 2008-ல் மும்பையில் கார்ட்டியே நிறுவனம் பழைய கார்களுக்கு நடத்திய அழகுப் போட்டியோடு மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸ்கள் வெளிநாட்டு நடுவர்கள் முன்னால் நிற்கும் காலமும் வந்தது.

இது ஒரு கிளை. இன்னொரு கிளை அமெரிக்காவில், தெற்கு கலிபோர்னியாவில் முளைத்தது. வார இறுதியில் விடியற்காலை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கார்களை நிறுத்திக் காபி குடித்துவிட்டு, ஊர் விழித்துக்கொள்வதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவது. நடுவர் இல்லை, பரிசு இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். இந்த வடிவம் 2000-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பெங்களூரின் ஞாயிறு சந்திப்புகளுக்கு வெளித்தோற்றம் அங்கிருந்து வந்ததுதான்.

உள்ளடக்கம் அங்கிருந்து வரவில்லை என்பது என் கருத்து. அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன், வில்சன் கார்டன் பக்கங்களில் வளர்ந்த தமிழர்களைக் கேட்டால், பழைய கார்கள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்பதை முதன்முதலில் பார்த்தது ஆயுத பூஜை அன்று மெக்கானிக் ஷெட்டில்தான் என்பார்கள். அன்றைக்கு ஷெட்டில் ஸ்பேனர் தொடமாட்டார்கள். கழுவித் துடைத்த கருவிகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். வாடிக்கையாளர்கள் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பூசணிக்காய் உடைபடும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும், பொரிகடலையும் சுண்டலும் எல்லோர் கைக்கும் வரும். அதோடு பேச்சும் ஆரம்பிக்கும். "உங்க வண்டி செல்ஃப் எடுக்குதா சார்?" "போன மாசம் டைனமோ கட்டினேன், இப்ப சார்ஜ் நல்லா ஏறுது." வங்கி மேலாளரும் லாரி முதலாளியும் பள்ளி ஆசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிய இடம் அது. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒரே மேஸ்திரி.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமல்ல. வண்டி வேலைக்கு நின்றால் உடையவர் ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கார்புரேட்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே பாதி தெரிந்துகொள்வார். ஞாயிறு சந்திப்பில் இன்று நடப்பதும் இதேதான்.

இந்த ஊருக்கு என்ன சிறப்பு

பழைய கார் நல்லபடியாக ஓட மூன்று தேவை: துரு பிடிக்காத காற்று, கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுக்கும் கை, வண்டியை ஓட்ட விடுகிற சட்டம். மூன்றும் ஓரளவுக்காவது அமைந்த ஊர் பெங்களூர்.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் உப்புக் காற்று இல்லை, பெரிய வெயிலும் இல்லை. சென்னையிலும் மும்பையிலும் கதவின் அடிப்பகுதியும் தரைத் தகடும் முதலில் பொத்துப்போகும். டிங்கர் வேலைக்கே பாதிப் பணம் போய்விடும். அதே வயதுள்ள கார் பெங்களூரில் வளர்ந்திருந்தால் தகடு பெரும்பாலும் தாங்கியிருக்கும். விற்பனைப் பேச்சில் "பெங்களூர் வண்டி" என்றால் காது கொடுத்துக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

கைவேலைக்கு வேறு வரலாறு இருக்கிறது. 1809-ல் கண்டோன்மெண்ட் அமைந்ததிலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேலை தேடி வந்தன. 1940-ல் எச்ஏஎல், 1948-ல் ஐடிஐ, 1951-ல் மைக்கோ, 1953-ல் எச்எம்டி, 1954-ல் பிஇஎல் என்று தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் பிட்டராகவும் டர்னராகவும் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய அந்தக் கைகள் ஓய்வுபெற்ற பிறகு, சில சமயம் அதற்கு முன்பே, பீன்யாவிலும் மற்ற இடங்களிலும் சிறு பட்டறை வைத்தன. 60 ஆண்டுப் பழைய காருக்கு ஒரு புஷ் கிடைக்கவில்லை என்றால், தேய்ந்துபோன பழையதைக் காட்டினால் போதும், அளவெடுத்துக் கடைந்து கொடுக்க இங்கே ஆள் இருந்தது. எல்லா ஊருக்கும் இந்த வசதி இல்லை. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்த மைக்கோ அடுகோடியில் இருந்தது, உதிரி பாகங்களுக்கு ஜே.சி. சாலை முழுக்கக் கடைகள் இருந்தன. அந்தச் சாலையில் அப்பாவோடு அலைந்த நினைவு இல்லாத பழைய பெங்களூர்க்காரர் அபூர்வம்.

சட்டத்தைப் பொறுத்தவரை டெல்லியோடு ஒப்பிட்டால் போதும். தலைநகர் பகுதியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அந்த விதி எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்று 2025-லும் வழக்கு நடந்தது. இதனால் அங்கிருந்து பல நல்ல வண்டிகள் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குப் போயின. தெற்கே வந்தவையும் உண்டு. ஞாயிறு சந்திப்பில் நிற்கும் பழைய பென்ஸின் கதையைக் கேட்டுப் பாருங்கள், பல சமயம் அது டெல்லியில் தொடங்கும்.

வீட்டு வண்டி

இந்தச் சந்திப்புகளுக்கு வரும் கார்கள் பெரும்பாலும் மகாராஜா வண்டிகள் அல்ல. 1990-களுக்கு முன்னால் நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய சாதாரண வண்டிகள். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்குவது என்றால் முன்பணம் கட்டிப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பியட் செய்த பிரீமியர், ஸ்டாண்டர்டு என்று பெரும்பாலும் மூன்றே நிறுவனங்கள். ஒவ்வொன்றும் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்தது. அப்படிக் காத்திருந்து கிடைத்த காரை மூன்று நாலு ஆண்டில் யாரும் மாற்றவில்லை. இருபது முப்பது ஆண்டு வைத்திருந்தார்கள். பெண்ணழைப்புக்குப் போனது, பிரசவத்துக்கு ஓடியது, திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போனது எல்லாம் ஒரே வண்டியில். இன்று நாற்பது வயதில் இருக்கிற ஐடி ஊழியர் ஒருவர் தாத்தாவின் பத்மினியை லட்சங்கள் செலவழித்து எடுத்து நிறுத்துவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத் தவிர வேறு பதில் இல்லை.

அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரானது. பத்மினி இத்தாலியின் பியட் 1100-ன் வாரிசு. மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்தது. 1974-ல் பத்மினி என்று பெயர் மாறிய பிறகும் நம்மவர்களுக்கு அது பியட்தான். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது பெங்களூர் வாட்ஸ்அப் குழுக்களில் துக்க வீடு மாதிரிதான் இருந்தது.

தமிழர்களுக்குக் கூடுதல் பாசம் ஸ்டாண்டர்டு மேல். அது நம் சென்னையில், பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான கார். 1961-ல் வந்த ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலோட்டி. அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் சாயும். இன்ஜின், முன் சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் நின்ற இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். எந்தச் சந்திப்பிலும் ஹெரால்டைச் சுற்றித்தான் முதலில் ஆள் சேரும். அதற்குப் பின் வந்த கெஸல் 1977 வரை தயாரானது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-க்கு உடல் மட்டும் ரோவர், இன்ஜின் பழைய வேன்கார்டு காருடையது. மூன்றே ஆண்டில் அது நின்றுபோனது. ஓடும் நிலையில் ஒன்று வந்துவிட்டால் அன்று முழுக்கப் பேச்சு அதைப் பற்றித்தான்.

பெங்களூருக்கும் சொந்தப் பிள்ளைகள் உண்டு. சிபானி குழுமம் 1970-களில் பாதல் என்ற மூன்று சக்கரக் காரையும், 1980-களின் தொடக்கத்தில் டால்ஃபின் என்ற சின்ன ஃபைபர் காரையும் இங்கேதான் செய்தது. டால்ஃபினின் மூலம் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன். எடை குறைவு என்பதால் கார்ப் பந்தயங்களில் அது பேர் வாங்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, அதற்கப்புறம் யாரும் டால்ஃபினைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரிய கார் என்று சொல்லி ஜாகுவாருக்குக் கூடும் கூட்டத்தைவிட, இந்த ஊரிலேயே பிறந்த டால்ஃபினுக்குக் கூட்டம் கூட வேண்டும் என்று நான் நினைப்பேன். 2001-ல் வந்த பேட்டரி கார் ரேவாவும் இப்போது அந்த வரிசையில் சேரும் வயதுக்கு வந்துவிட்டது.

பானட்டைத் திறந்தபின்

காபி வந்ததும் பானட்டுகள் திறக்கும். இங்கேதான் உண்மையான விஷயம்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் அடிமுட்டு ஒன்று உண்டு, டிரன்னியன் என்பார்கள். பித்தளை போன்ற உலோகத்தில் மரை போட்ட முட்டு அது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரத்தின் தண்டு சுழலும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும், கிரீஸ் போடவே கூடாது. ஆனால் சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டால் பையன்கள் எல்லா நிப்பிளையும் ஒரே மாதிரி நினைத்து கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே தண்ணீர் நிற்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இங்கிலாந்தின் டிரையம்ஃப் சங்கங்களில் இது பால பாடம். பெங்களூரில் தாத்தாவின் ஹெரால்டைப் புதிதாக எடுத்த இளைஞருக்கு யார் சொல்வார்கள்? ஞாயிறு காலை, கையில் டபராவோடு நிற்கும் எழுபது வயதுக்காரர் ஒருவர், "தம்பி, இதுக்குக் கடைசியா என்ன போட்டீங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிரே தப்பலாம்.

பெட்ரோல் இன்னொரு பெரிய தலைப்பு. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது மிக நல்ல முடிவு. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) உள்ள இன்ஜின்களில், வால்வு வந்து உட்காரும் சீட் தேய்ந்துபோகாமல் காத்ததும் அந்த ஈயம்தான். அம்பாசிடரின் பழைய இன்ஜினை நெடுந்தூரம் வேகமாக ஓட்டுகிறவர்கள் ஹெட்டை இறக்கி, கடினமான சீட் வளையம் பதித்துக்கொள்ள வேண்டும். யார் அதைச் சுத்தமாகப் பதிப்பார்கள், எந்தப் பட்டறையில் அளவு தப்பாது என்பதெல்லாம் இந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் ஏ.சி. பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்து இற்றுப்போக வைக்கும். டாங்கியின் அடியில் முப்பது ஆண்டாகப் படிந்திருந்த கசடைக் கிளப்பிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். தீர்வு கடினமில்லை: எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்ற வேண்டும், பெட்ரோல் வடிகட்டி ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது. கடைசிதான் முக்கியம். வாரம் ஒரு முறை முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடினாலே பாதி நோய் அண்டாது. ஞாயிறு சந்திப்பு அதற்கு ஒரு சாக்கு.

இதில் பெங்களூருக்கே உரிய ஒரு நுணுக்கமும் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே வந்தால் பெட்ரோலை அதிகமாக விடும். பிளக் கருக்கும், புகை வரும். எத்தனால் கலந்தால் நேர்மாறு. அதே ஜெட்டில் எரிபொருள் போதாமல் கலவை வறண்டுபோகும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். எந்த ஜெட் போட வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காபி நிறத்தில் இருந்தால் சரி. இதைக் கண்ணால் பார்த்துப் பழகினால்தான் வரும். போனில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நேரில் கூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் கூடுவதும் இந்த இன்ஜின்களின் சுபாவத்தால்தான். நெரிசலில் ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதிக்கும். இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும் பெட்ரோல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில்க் போர்டு சாலைச் சந்திப்பில் வேலைநாள் மாலை ஆறு மணிக்கு இதைச் செய்ய யாருக்கும் துணிவு வராது. ஞாயிறு விடியலில் பிடதிக்குப் போய்த் தட்டு இட்லி சாப்பிட்டு வரலாம், பழைய மெட்ராஸ் சாலையில் கோலார் பக்கம் போகலாம். 2023-ல் மைசூர் விரைவுச்சாலை திறந்த பிறகு, மணிக்கு அறுபதில் போகிற இந்த வண்டிகள் பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் போவதுதான் நல்லது. யாரும் அதை இறக்கமாக நினைப்பதில்லை.

சட்டம் பார்க்காத வயது

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் பெரிதாக மாறாத வண்டிக்கு அந்தத் தகுதி கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்தால் வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண், ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய எண் போகாது என்பது பெரிய நிம்மதி. 1989-க்கு முந்தைய மூன்று எழுத்து எண்ணைக் குடும்பப் பெயர் போலவே காப்பாற்றுகிறவர்கள் இவர்கள்.

ஆனால் அந்த விதியில் ஒரு நிபந்தனை. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு, இவற்றுக்காகத்தான் அந்த வண்டி சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. சரி, ஞாயிறு காலை நாலு பேர் சேர்ந்து இட்லி சாப்பிடப் போவது இதில் எந்த வகை? பேரணி என்று யாரும் அறிவிக்கவில்லை, கண்காட்சி என்று அனுமதி வாங்கவில்லை. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது எதிலும் சேராது. அதனால் 50 ஆண்டு தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களிலும் விண்டேஜ் பதிவுக்குப் போகாமல், வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு வண்டியை உயிரோடு வைத்திருப்பது எது என்று கேட்டால், ஆண்டுக்கு ஒரு பேரணியைவிட வாரம் ஒரு இட்லிப் பயணம்தான். விதியை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய சிக்கல் 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கிற வண்டிகளுக்கு. 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு. காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. 1980-ல் பதிவான பத்மினி 2030 வரை சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டி. முதல் மாருதி 800-களுக்கு 2033 டிசம்பர் வரை அதே நிலை. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா, 30 ஆண்டு ஆனாலே, மூல நிலை காக்கப்பட்டு அன்றாட ஓட்டத்தில் இல்லாமலிருந்தால், வரலாற்று வாகனம் என்கிறது. நம் நாடும் 30 என்று வைத்தால் இன்றைக்குச் சந்திப்புக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். புகை கக்கும் லட்சக்கணக்கான பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் இந்தச் சில வண்டிகளை அவற்றோடு ஒரே கூடையில் போடுவதுதான் தவறு.

வேறு மாநிலத்திலிருந்து வண்டியைக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. சேலத்தில் இருக்கும் தாத்தாவின் அம்பாசிடர் பெங்களூரில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால், என்ஓசி வாங்கி, வாழ்நாள் வரி கட்டி, கர்நாடக எண்ணுக்கு மாற வேண்டும். தமிழ்நாட்டு எண் போய்விடும். இதனாலேயே ஊரில் ஷெட்டில் வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு இங்கே வெறும் கையோடு சந்திப்புக்கு வருகிற தமிழர்களும் இருக்கிறார்கள். பூட்டி வைத்த வண்டிக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

உரசல்கள்

எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு காரை மூல நிலையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் ஓயாது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா? பிளக்கில் பொறி வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன்? அழகுப் போட்டியில் இதற்கெல்லாம் மதிப்பெண் குறையும். ஞாயிறு சந்திப்பில் ஓடுகிற வண்டிக்குத்தான் மரியாதை, அதுவே சரி என்று நினைக்கிறேன். கழற்றிய மூல பாகத்தைத் தூக்கி எறியாமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருந்தால் போதும்.

தரகர்களின் வரவு கவலை தரும் விஷயம். விலை ஏற ஏற, வாங்கிப் பூசி விற்பவர்கள் கூட்டத்தில் கலக்கிறார்கள். பழைய நோய்களை மறைத்துப் பெயிண்ட் அடித்த வண்டியைப் புதியவர் தலையில் கட்டுவது நடக்கிறது. அப்புறம் ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள். படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் வீடியோவுக்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட்டால் பக்கத்துக் குடியிருப்பு முதல் வாரம் முகம் சுளிக்கும், மூன்றாம் வாரம் போலீசுக்குப் போன் போடும். இடம் பறிபோகும். ஓட்டல்காரரின் வழக்கமான வாடிக்கையாளருக்கு நிறுத்த இடம் விட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

பெண்கள் குறைவு. அப்பாவின் காரைத் தானே ஓட்டி வரும் மகள்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பதை நிறுத்தினால் இன்னும் பலர் வருவார்கள்.

கார் இல்லாதவர்களும் தாராளமாகப் போகலாம். எதையும் தொடுவதற்கு முன் கேளுங்கள். விலை என்ன என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வண்டியின் கதையைக் கேட்டால் விலையை அவர்களே கடைசியில் சொல்லிவிடுவார்கள்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு ஒன்று. இந்தக் கூட்டத்தில் மேஸ்திரிகளை அதிகம் காண முடிவதில்லை. ஞாயிறு அவர்களுக்கும் ஓய்வு நாள். தவிர, உடையவர்கள் கூடும் இடத்துக்கு அழைக்காமல் எப்படி வருவார்கள்? நிலத்தின் விலை ஏறியதில் பல ஷெட்டுகள் அடுக்குமாடிக் கட்டடங்களாகிவிட்டன. மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். முதல் மாருதி வந்த 1983-ல் இருபது வயதில் கார்புரேட்டர் கழற்றக் கற்ற பையனுக்கு, அந்த மாருதி விண்டேஜ் ஆகும் 2033-ல் எழுபது வயது. அம்பாசிடர், ஹெரால்டு பழகியவர்கள் அவரைவிட மூத்தவர்கள். சட்டம் இந்த வண்டிகளை மதிக்கத் தொடங்கும்போது, அவற்றைத் திறந்து மூடத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்குச் செய்யக்கூடியவை எளியவைதான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மேஸ்திரியை வீட்டிலிருந்து அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடலாம். அன்றைய நேரத்துக்குக் கூலியும் கொடுக்கலாம். டேப்பெட் இடைவெளி வைப்பதையும், பாயிண்ட் செட் பண்ணுவதையும், பிளக்கின் நிறம் பார்ப்பதையும் அவர் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கலந்து சொல்லச் சொல்ல, போனில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பலாம். ரீல்ஸ் எடுக்க வரும் பையன்களிடம் அந்த வேலையைக் கொடுங்கள். கேமரா பிடிக்க அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.